மந்திரச் சிறுமிப் பொம்மை: மதிப்பிடும் முறையும் ஐதராபாத் வழக்கும்

மந்திரச் சிறுமிப் பொம்மை என்பது, கார்ட்டூன் தொடரொன்றில் மதிப்பெண் குறைவாக வாங்கும் பள்ளி மாணவியாக வாழ்ந்து, ஆபத்து வந்தவுடன் ஆடை மாறி உலகத்தைக் காப்பாற்றும் சிறுமியை, ஆடை மாறிய கோலத்தில் நெகிழியில் வார்த்து, முன்புறம் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கும் பொருள். இதை வாங்குவோர் இரு வகையினர். பெட்டியைத் திறப்பவர் ஒரு வகை. திறக்காதவர் மறு வகை. இருவருக்கும் இடையில் பேச்சுவார்த்தை இல்லை. பொம்மையை மதிப்பிடும் கலை இந்த இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்கும் முயற்சியாகத் தொடங்கி, இன்றுவரை முயற்சியாகவே இருக்கிறது.

பொம்மையின் குலம் கோத்திரம் முதலில் அறியத்தக்கது. மந்திரச் சிறுமிக் கார்ட்டூன்களின் மூத்தவளாகக் கருதப்படுபவள் சாலி. மிட்சுதெரு யோகோயாமாவின் படக்கதையிலிருந்து தோயே நிறுவனம் 1966இல் இவளைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ‘பிவிட்ச்டு’ தொடரே இதற்குத் தூண்டுகோல். சாலி பிறவியிலேயே மந்திரக்காரி என்பதால் அவளுக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. வியாபாரக் கண்ணோட்டத்தில் இது ஒரு குறை. 1969இல் தொலைக்காட்சிக்கு வந்த அக்கோ அந்தக் குறையைத் தீர்த்தாள். அவள் கையில் ஒரு பவுடர் டப்பாக் கண்ணாடி. அதைப் பார்த்துச் சொன்னால் நினைத்த உருவம். அதற்குப் பின் வந்த மந்திரச் சிறுமிகள் பலரும் உள்ளங்கையில் அடங்குவதும், ஒளிர்வதும், கடையில் கிடைப்பதுமான ஒரு பொருளைக் கையோடு வைத்துக்கொண்டே பிறந்தார்கள். மந்திரம் பொருளுக்குள் வந்துவிட்டதால் பொம்மைக் கடைக்காரரும் கதைக்குள் வந்துவிட்டார்.

குலத்தின் பெரும்புகழ் சேலர் மூனைச் சேர்ந்தது. நவோகோ தகேயுச்சியின் படக்கதை 1991 இறுதியில் ‘நகயோஷி’ இதழில் தொடங்கியது. கார்ட்டூன் 1992 மார்ச் 7 முதல் 1997 பிப்ரவரிவரை 200 அத்தியாயங்கள் ஓடியது. நாயகி உசாகி சுகினோவுக்கு 14 வயது. தாமதமாக எழுவாள், தேர்வில் கோட்டைவிடுவாள், தின்பண்டத்தைக் கண்டால் விடமாட்டாள், எதற்கும் அழுவாள். மார்பில் செருகும் பதக்கம் ஒன்றால் மாலுமிச் சட்டையும் குட்டைப் பாவாடையும் முழங்கால்வரை சிவப்புப் பூட்சும் அணிந்த வீராங்கனையாக மாறுவாள். பின்னிடுப்பில் பெரிய சிவப்பு ரிப்பன் முடிச்சு. தலையில் இரண்டு உருண்டைக் கொண்டைகள், ஒவ்வொன்றிலிருந்தும் கணுக்காலை எட்டப் பார்க்கும் ஒரு வால். இந்த ரிப்பனும் வால்களும் கட்டுரையின் பிற்பகுதியில் பெரும் சிக்கல்களை உண்டாக்கப்போவதால் இங்கேயே குறித்துக்கொள்வது நலம்.

ஆடை மாறும் காட்சி இக்கதைகளின் உயிர்நாடி. ஒருமுறை வரைந்ததை அத்தியாயந்தோறும் மீண்டும் ஓட்டலாம் என்பதால் தயாரிப்பாளருக்கும் அது உயிர்நாடி. நாயகி சுழன்று, மிதந்து, கையுறைக்கு ஒரு ஒளி, பூட்சுக்கு ஒரு ஒளி என்று உடுத்தி முடிக்கும்வரை எதிரி ஒன்றும் செய்யாமல் நிற்பான். இந்த மரியாதை வெளியூர் ரசிகர்களுக்குப் புதிராகப் படுவதுண்டு. ஐதராபாத்தில் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. தெலுங்குப் படத்தில் நாயகன் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்து, தூசி பறந்து, பின்னணி இசை முடியும்வரை அடியாட்கள் காத்திருப்பதைப் பார்த்துப் பழகிய ஊர் அது.

ஆயினும் ஐதராபாத்தில் இந்தப் பொம்மை வெளியூர்க்காரிதான். காரணம் வரலாற்றில் இருக்கிறது. இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற கார்ட்டூன்களில் ஒன்று இவ்வூரிலேயே உற்பத்தியாகிறது: ராஜீவ் சிலகா 2001இல் தொடங்கிய கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனத்தின் சோட்டா பீம். 2008இல் போகோ சேனலில் வந்தது. இவன் தவழும் பருவத்துக் கதை 2019இல் நெட்ஃபிளிக்ஸ்வரை போனது. தோலக்பூர் என்ற கற்பனை ஊரில் நடக்கும் இக்கதையை மந்திரச் சிறுமி இலக்கணத்தின்படி பகுத்தால் வியப்பான முடிவு கிடைக்கிறது. உருமாற்றம் இருக்கிறது: லட்டைத் தின்றதும் பீமின் புஜம் புடைக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கருவி இருக்கிறது: அந்த லட்டேதான். பெண் இருக்கிறாள்: சுட்கி, லட்டு செய்பவளின் மகள், நெருக்கடி நேரத்தில் லட்டை எடுத்து நீட்டுபவள். ஆக இலக்கணம் முழுக்க நிறைவேறியிருக்கிறது. லட்டு மட்டும் தவறான வாய்க்குள் போயிருக்கிறது. சுட்கி ஒரே ஒருமுறை டப்பாவிலிருந்து தனக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு உள்ளூர் நாயகி கிடைத்திருப்பாள், சுங்கவரியும் மிஞ்சியிருக்கும்.

சுங்கவரி சிறிய விஷயமல்ல. இந்தியாவுக்குள் வரும் பொம்மைகளுக்கு 20 விழுக்காடாக இருந்த இறக்குமதித் தீர்வை 2020 பிப்ரவரியில் 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. கூரியர்காரர் வாசலில் நின்று ஒரு தொகையைச் சொல்லும்போது சேகரிப்பாளர் முகத்தில் நிகழ்வதும் ஒரு உருமாற்றக் காட்சிதான். அதற்கு ஒளியும் இசையும் கிடையாது. இதோடு 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சேகரிப்புக்கென்றே ஜப்பானில் செய்யப்படும் உருவங்களின் பெட்டியிலோ, 15 வயதும் அதற்கு மேலும் என்று அச்சிட்டிருப்பது வழக்கம். உசாகிக்கு வயது 14. உலகத்தைக் காப்பாற்ற அனுமதிக்கப்பட்ட இந்தப் பெண், தன் உருவத்தைக் கடையில் வாங்க வேண்டுமானால் அடுத்த ஜூன் 30இல் வரும் பிறந்தநாள்வரை பொறுத்திருக்க வேண்டும்.

பொம்மையின் அளவுகள் குறித்துப் பேசுவோர் சென்டிமீட்டரை மூச்சுவிடாமல் சொல்வார்கள். தகாரா நிறுவனம் 1967இல் தொடங்கிய லிக்கா 22 சென்டிமீட்டர். 1959இல் பிறந்த பார்பி 29. கொரியாவில் 2003இல் தோன்றிய புலிப் 31. இந்தப் புலிப் வரிசையில் சேலர் மூனும் அவள் தோழியரும் வந்திருக்கிறார்கள். பெயருக்கும் புலிக்கும் தொடர்பில்லை. கொரிய மொழியில் ‘புல்’ என்றால் புல், ‘இப்’ என்றால் இலை. புல்லிலை என்பதே பொருள். தமிழுக்கும் கொரியனுக்கும் உறவு கற்பிப்போர் இவ்விடத்தில் நாற்காலியை விட்டு எழுவது இயல்பு; அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். புலிப்பின் சிறப்பு அதன் பெரிய தலை. தலைக்குப் பின்னால் உள்ள சிறு நெம்புகோலைத் தள்ளினால் விழி இடமும் வலமும் ஓடும். இன்னொன்றால் இமை மூடும்.

2013இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட சேலர் மூன் உருவம் சாணளவுகூட இல்லாதது. மூட்டுக்கு மூட்டு மடங்குவது. எந்தச் சண்டைக் கோலத்திலும் நிறுத்தலாம். எனினும் தூயவாதிகள் அதைப் பொம்மை என்று ஒப்புவதில்லை. அதன் பாவாடை வார்ப்பிலேயே வந்த நெகிழி. கழற்ற முடியாது, கசங்காது, துவைக்கத் தேவையில்லை. துணி துணியாக இருந்தால் பொம்மை, துணி உடம்பாகிவிட்டால் சிலை என்பது அவர்கள் வகுத்த எல்லை. இந்த எல்லையைச் சோதிக்க ஐதராபாத்தைவிட வசதியான ஊர் கிடையாது. சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் நிற்கும் முகத்திரை ரெபேக்கா, இத்தாலியச் சிற்பி பென்சோனி பளிங்கில் செதுக்கியவள். முதலாம் சாலார் ஜங் 1876இல் ரோமில் வாங்கி வந்தார். முகத்தில் விழும் மெல்லிய திரையின் அடியில் மூக்கும் உதடும் தெரிகின்றன. திரையும் பளிங்கு, மூக்கும் பளிங்கு. தூயவாதிகளின் அளவுகோலால் அளந்தால் ரெபேக்கா பண்டாய் உருவத்தோடு ஒரே அலமாரியில் சேர்கிறாள்.

இனி பெட்டி. இத்துறையின் ஆழமான கேள்வி இங்கேதான் இருக்கிறது. மந்திரச் சிறுமியின் பெருமை முழுவதும் அவள் மாறுவதில் இருக்கிறது. சேகரிப்புப் பொம்மையின் விலை முழுவதும் அது மாறாதிருப்பதில் இருக்கிறது. முத்திரை ஒட்டியபடியே, தலைமுடியைப் பிணைத்த நெகிழிக்கம்பி அவிழாதபடியே, மூலை மடங்காத பெட்டிக்குள் இருபது ஆண்டு நின்றால் மதிப்பு ஏறும். மாறுவதற்கென்றே பிறந்தவளை மாறவிடாமல் வைத்திருப்பதற்குத் தரும் சம்பளம் அது. திறப்பவர்களின் வாதம் வேறு: பெட்டிக்குள் இருக்கும்வரை உள்ளே உண்மையில் பொம்மைதான் இருக்கிறது என்பதற்குக் கண்ணாடித்தாளைத் தவிரச் சாட்சியில்லை, முதுகுப்பக்கத்தை ஒருவரும் பார்த்ததில்லை, பார்க்காத முதுகைப் புகழ்ந்து மதிப்புரை எழுதுவது நேர்மையாகாது. திறக்காதவர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் இரண்டாவது பிரதி ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். கருத்து வேறுபாட்டை இரட்டை விலையால் தீர்க்கும் முறை வசதியுள்ளவர்களுக்கே ஏற்றது.

மேற்படிச் சிக்கலுக்கு சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே ஒரு தீர்வு இருப்பதைப் பொம்மைத் தொழில் கவனிக்கத் தவறியிருக்கிறது. கேத்தேயின் ஃபாஸ்ட் நாடகப் பாத்திரங்கள் இருவரை ஒரே மரத்துண்டில் முன்னும் பின்னுமாகச் செதுக்கிய பிரெஞ்சுச் சிற்பம் அது. ஒருபுறம் நிமிர்ந்து ஏளனமாக நிற்கும் மெஃபிஸ்டோபிலிஸ் என்னும் சாத்தான். மறுபுறம் தலைகுனிந்து நிற்கும் மார்கரெட்டா. பின்னால் கண்ணாடி வைத்திருப்பதால் பார்வையாளர் நகராமலே இரண்டையும் காணலாம். முன்னே வீராங்கனை, பின்னே மதிப்பெண் பட்டியலை மறைத்து நிற்கும் பள்ளி மாணவி, பெட்டியின் பின்சுவரில் கண்ணாடி என்று செய்தால், திறக்காமலே உருமாற்றம் முழுமை பெறும். இது இலவச யோசனை.

எதிர்த் திசையிலும் ஐதராபாத் ஒரு மரபை வளர்த்திருக்கிறது. கைரதாபாத் பிள்ளையார் 1954இல் ஓரடி உயரத்தில் தொடங்கி, ஆண்டுக்கு ஓரடியாக வளர்ந்து 2014இல் 60 அடியை எட்டினார். இத்தனை உழைப்பும் சில நாட்களில் உசேன் சாகரில் கரைகிறது. இத்தனை பெரிய உருவம் சேகரிக்க முடியாதது. அதனாலேயே அடுத்த ஆண்டும் கூட்டம் வருகிறது. பாலாப்பூர் பிள்ளையாரின் 21 கிலோ லட்டு 1994இல் 450 ரூபாய்க்கு ஏலம் போயிற்று. 2024இல் 30 லட்சத்து ஆயிரம் ரூபாய். மூலை மடங்காத பெட்டியோ உரிமச் சான்றோ கிடையாது. சில நாளில் கெட்டுப்போகும் பண்டம். வாங்கியவர் பகிர்ந்து கொடுத்துவிடுகிறார். மதிப்பு ஏறுவதற்குப் பெட்டி அவசியம் என்ற கொள்கை மூசி ஆற்றங்கரையில் இப்படி அடிபட்டுப்போகிறது. பொம்மைச் சந்தையை ஆராய்வோர் லட்டுச் சந்தையையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. இவ்வூரில் லட்டு ஏற்கெனவே பீமின் கையில் மந்திரக் கருவியாகிவிட்டதைச் சேர்த்து நினைத்தால், ஏல விலை அத்தனை வியப்பாக இராது.

பெட்டி திறந்தபின் பரிசோதனை கண்ணில் தொடங்கும். தமிழ்ச் சிற்பிகள் கடைசியாகத் திறப்பதை மதிப்பீட்டாளர் முதலில் பார்க்கிறார். கார்ட்டூன் கண் முகத்தில் கால்பங்கு இடம் பிடிப்பது. அதற்குள் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள் மினுக்க வேண்டும். கண்கள் அச்சு இயந்திரத்தால் பதிக்கப்படுவதால் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் உலகத்தைக் காக்க வந்தவள் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்ப்பவளாகிவிடுவாள். பண்ருட்டியிலோ விளாச்சேரியிலோ கையால் தீட்டிய கொலுப் பொம்மைக்கும் கோணல் கண் அமைவதுண்டு. ஆனால் அங்கே அது அந்தப் பொம்மையின் குணம் என்று ஏற்கப்படும். இயந்திரம் செய்த கோணலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்தது முடி. நைலான், சரான், மலிவான பாலிபுரோப்பிலீன் என்று இழைகள் பல. விரலால் நீவும்போது வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. நீவிய விரலோடு வந்தால் நல்லதல்ல. உச்சியைப் பிரித்து, மண்டையில் தையல் துளைகள் எத்தனை நெருக்கமாக இருக்கின்றன என்று பார்ப்பதும் உண்டு. செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பாட்டிகள் இந்தச் சோதனையைப் பெண் பார்க்கும் படலங்களில் பின்னலைத் தொட்டுப்பார்த்துப் பழகியவர்கள். தனிப் பயிற்சி தேவைப்படாது.

மூன்றாவதான நிற்றல் சோதனையில்தான் முதலில் குறித்துக்கொண்ட வால்களும் ரிப்பனும் வேலையைக் காட்டுகின்றன. மனித உடம்பை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கினால் பாதமும் அதே கணக்கில் சுருங்கிவிடும். அந்தப் பாதத்தில் குதிகால் உயர்ந்த பூட்சு. தலையோ கார்ட்டூன் வழக்கப்படி பெரியது. அதிலிருந்து பின்னோக்கி இரண்டு வால்கள் தொங்கும்போது பாரம் பின்பக்கம் போகிறது. பொம்மை நிமிர்ந்து நிற்கும், யோசிக்கும், மல்லாந்துவிடும். இதற்கென்று தயாரிப்பாளர்கள் ஒரு தாங்கி தருகிறார்கள்: வட்டத்தட்டு, ஒரு கம்பி, நுனியில் இடுப்பைக் கவ்வும் கவ்வி. கவ்வி போக வேண்டிய இடத்தில் ரிப்பன் முடிச்சு இருக்கிறது. ரிப்பனுக்குக் கீழே கொடுத்தால் பாவாடை தூக்குகிறது; மேலே கொடுத்தால் முடிச்சு நசுங்குகிறது. இடுப்பை விட்டுக் கால்களுக்கிடையே கம்பி கொடுக்கும் தாங்கியும் உண்டு; அது பாட்டி இல்லாத வீடுகளுக்கு. இத்தனையும் தாண்டி நிறுத்திய பின் ஐந்தாம் எண்ணில் சுழலும் மின்விசிறிக் காற்றில் வால்கள் பாய்மரமாகின்றன. மாலுமிச் சட்டை போட்டவளுக்கு இது ஒருவகையில் பொருத்தம்தான்.

வெயிலைச் சேர்க்காத மதிப்புரை ஐதராபாத்தில் செல்லாது. மே மாதம் 40 பாகையைத் தாண்டும் ஊர். முகத்துக்கும் கைகால்களுக்கும் பயன்படும் வினைலை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பொருள் சூட்டில் மெல்ல மேலே கசிந்து பிசுபிசுக்கும்; பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். மெலிந்த கால்கள் பாரம் தாங்காமல் ஒருபக்கம் சாயும். அடர்நிறத் துணியின் சாயம் தோலில் இறங்கும். சிவப்புப் பூட்சைக் கழற்றினால் கால் செம்பருத்தி நிறத்தில் இருப்பது இதனால்தான். வெயில் பட்ட வெள்ளை நெகிழி மஞ்சளாகும். பெட்டிக்குள் அடைத்த பொம்மையும் இதிலிருந்து தப்புவதில்லை. திறக்காமல் காத்தவர்கள், தாம் காத்தது மாறாமையை அல்ல, மெதுவான மாற்றத்தையே என்பதை இருபதாம் ஆண்டில் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்து அறிகிறார்கள்.

இலக்கணச் சோதனை ஒன்றும் உண்டு. தமிழில் நடத்தக்கூடியது. பொம்மை கீழே விழும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுக்க வேண்டும். “விழுந்துடுச்சு” என்றால் அவர் சேகரிப்பாளர். “ஐயோ, விழுந்துட்டா” என்றால் பொம்மை உயர்திணைக்கு ஏறிவிட்டது, மதிப்பெண் முழுசாகக் கிடைக்கும். தெலுங்கில் இந்தச் சோதனை பலிக்காது. ஒருமையில் பெண்ணுக்கும் பொருளுக்கும் வினைமுற்று ஒன்றே: அம்மாயியும் ‘வச்சிந்தி’, பொம்மையும் ‘வச்சிந்தி’. தக்கினி உருதுவில் குடியா பெண்பால். ஆனால் மேசையும் பெண்பால்தான் என்பதால் அந்த மரியாதையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று மொழியும் பேசும் செகந்திராபாத் தமிழ்க் குழந்தை, பொம்மை கைக்கு வந்த முதல் நாள் தெலுங்கிலும், பெயர் வைத்த பிறகு தமிழிலும் அதைப் பற்றிப் பேசுவது ஆராயத்தக்க போக்கு.

அசல் பொம்மையின் நிழலாக நகல் பொம்மை பேகம் பஜாரில் கிடைக்கிறது. மொத்த விற்பனைக்குப் பேர்போன அந்தத் தெருக்களில் பொம்மைகள் டஜன் கணக்கு. ஜனவரி முதல் தேதியிலிருந்து பிப்ரவரி 15வரை நாம்பள்ளி மைதானத்தில் நடக்கும் நுமாயிஷ் பொருட்காட்சியிலும் இந்த உறவினர்களைச் சந்திக்கலாம். அந்தக் காட்சி 1938இல் தொடங்கியது. நகலின் முகம் ஒரு தொடரிலிருந்தும், சிறகு இன்னொரு தொடரிலிருந்தும், கோல் மூன்றாவதிலிருந்தும் வந்திருக்கும். பெட்டியில் பெயர் இராது. இருந்தால் எழுத்துப்பிழையோடு இருக்கும். கழுத்துக்குக் கீழே எல்லா நகல்களும் ஒரே ஒருத்திதான். மதிப்பீட்டாளர்கள் இவளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் நிற்றல் சோதனையில் இவள் பலமுறை அசலை வென்றிருக்கிறாள்: முடி குறைவு, ரிப்பன் கிடையாது, பூட்சுக்குப் பதில் தட்டைப் பாதம். மலிவு இங்கே பொறியியல் நன்மையாகிறது. ஆண்டுதோறும் நடக்கும் காமிக் கான் விழாவில் இளைஞர்களே பாத்திர வேடமிட்டு வருவதும் ஒரு வகை நகல்தான். அவர்கள் தாங்கியில்லாமல் நிற்பதால் இந்த ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை.

பொம்மைக்கான இறுதித் தேர்வு நவராத்திரியில் நடக்கிறது. பத்மாராவ் நகர், மாரேட்பள்ளி பக்கத்துத் தமிழ் வீடுகளில் படி கட்டும்போது, ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையாவது சேர வேண்டும் என்ற மரபு பேத்தியின் மந்திரச் சிறுமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. எந்தப் படி என்பதில்தான் வழக்கு. கீழிருந்து மேலாக ஓரறிவு, ஈரறிவு என்று உயிர்களை அடுக்கி, ஆறாம் படியில் மனிதர், அதற்கு மேல் முனிவர், தேவர் என்று போவது பரவலாகச் சொல்லப்படும் முறை. உசாகி மானிடப் பெண், ஆகவே ஆறு. ஆனால் கதைப்படி அவள் முற்பிறவியில் நிலவுலகத்து இளவரசி. பேத்தி இதை ஆதாரத்தோடு எடுத்துவைக்கும்போது எட்டாம் படி கேட்கிறாள் என்று பொருள். உசாகியின் பூனை லூனா ஐந்தறிவுப் படிக்குப் போக வேண்டும். பேசும் பூனை என்பதால் ஆறாம் அறிவு கோரி அதற்கும் ஒரு மனு. பாவாடை முழங்காலை எட்டவில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். அசுரரை வெல்ல ஆயுதமேந்திய பெண் என்ற கருத்துக்கு அந்த ஒன்பது நாளில் தனி விளக்கம் தேவையில்லாததால் பாட்டி கொஞ்சம் இளகுவார். துண்டு ஜரிகைத் துணியில் ஒரு பாவாடை தைத்து மேலே சுற்றிவிடுவதோடு வழக்கு முடியும். பெரும்பாலும் கிடைக்கும் இடம் தரையில் அமைக்கும் பார்க்: செட்டியார் கடைக்கும் கிரிக்கெட் ஆட்டக்காரர்களுக்கும் நடுவே, நிர்மலிலிருந்து வந்த பொனிக்கி மரக் கிளி பக்கத்தில்.

துண்டு ஜரிகைத் துணி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மேல்படியில் நிற்கும் மரப்பாச்சிக்கு வெட்டியதில் மிஞ்சியது. இந்த ஆய்வில் இதுவரை வராத மரப்பாச்சியை இங்கே சோதிக்கலாம். செம்மரம், கல்யாணத்தில் பெண்ணோடு வந்த ஜோடி. கண் அச்சடித்ததல்ல, மினுக்கும் புள்ளியும் இல்லை. முடி மரமே. மூட்டு கிடையாது. நிற்றல் சோதனையில் முழு மதிப்பெண். எந்த விசிறியும் அசைக்காது. வெயிலுக்குப் பிசுபிசுக்காது. துணி துணியாகவே இருக்கிறது, ஆண்டுதோறும் மாறவும் மாறுகிறது. தூயவாதிகள் கேட்ட பொம்மை இதுவே. ஆண்டு முழுக்க வெறும் கட்டையாக இருந்து, ஆடை உடுத்தியதும் ராணியாகிறாள். அதற்குப் பதக்கமோ பவுடர் டப்பாவோ தேவைப்படவில்லை. உடுத்தி முடிக்கும்வரை வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். பெட்டிப் பிரச்சினையும் இவளிடம் கிடையாது: பத்து நாள் வெளியே, மற்ற நாளெல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரண் மேல் தகரப்பெட்டியில். திறப்பவரும் திறக்காதவரும் இவளை மட்டும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம்.

கொலு பார்க்க வருபவர்களே பொம்மையின் கடைசி மதிப்பீட்டாளர்கள். அவர்களுடைய மதிப்புரை மூன்று கேள்வியில் முடியும்: எங்கே வாங்கினது, என்ன விலை, போன வருஷம் இருந்ததோ? முதல் கேள்விக்கு வெளிநாட்டுப் பெயர் சொன்னால் புருவம் உயரும். இரண்டாவதற்கு உண்மை சொன்னால் சுண்டல் தொண்டையில் நிற்கும். ஆகவே சுங்கவரியைக் கழித்துச் சொல்வது உபசாரம். மூன்றாவது கேள்வி அடுத்த ஆண்டுதான் கூர்மையடையும். ஆந்திர வழக்கப்படி சங்கராந்திக்கும் பொம்மலக் கொலுவு வைக்கும் பக்கத்து வீட்டுக்கு இரவல் போனால், பொம்மைக்கு ஜனவரியில் இரண்டாவது ஆட்டம் கிடைக்கும்.

விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்து, படியில் ஒரு பொம்மையைப் படுக்கவைப்பது மரபு. மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வைக்கலாம் என்பதற்கு அது அடையாளம். வழக்கமாக மரப்பாச்சியைப் படுக்கவைப்பார்கள். பேத்தி கேட்டுக்கொண்டதால் மந்திரச் சிறுமியையும் பக்கத்தில் கிடத்தும் வீடுகளில், பின்னிடுப்பு ரிப்பன் முடிச்சு காரணமாக அவள் மல்லாந்து படுக்கமாட்டாள் என்பதும், ஒருக்களித்து, மரப்பாச்சிப் பக்கம் முகம் திருப்பி, ஒரு வாலைத் தலைக்கடியில் மடித்துக் கொடுத்தால் உருளாமல் கிடப்பாள் என்பதும் கண்டறியப்பட்டுள்ளன.